தண்ணி ஓரமா இருக்கு

அந்த அறையில் இருந்தவர்கள்.

கதவைத் திறந்ததும் இடது பக்கம், கீழ்க்கட்டிலில் அண்ணாச்சி. சாத்தான்குளம் பக்கம். கம்பெனியின் சாரக்கம்பி ஸ்டோரில் வேலை. வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அறைக்கு அவர்தான் பெரியவர்.

அவருக்கு மேலே மட்டக்களப்புக்காரர். எலக்ட்ரீசியன். இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லோருடைய லெட்டரும் அவர் கையெழுத்தில்தான் போகும்.

ஜன்னலோரம் கீழே மாமா, மேலே மச்சான். கள்ளக்குறிச்சி. மச்சானின் அக்காளைத்தான் மாமா கட்டியிருந்தார். பூச்சு வேலை. பகலெல்லாம் ஒரே சுவரில் பூசுவார்கள். சாயங்காலம் வந்து சண்டை போடுவார்கள்.

எதிர்ச் சுவரில் கீழே பஸ் டிரைவர். கரீம்நகர்க்காரர், தெலுங்கு. நாம் பேசும் தமிழ் புரியும். பேச வராது.

ஐந்து பேர்.

டிரைவருக்கு மேலே ஒரு காலிக் கட்டில் இருந்தது. அதில்தான் நான் ஏறினேன். எண்ணும்போது என்னை நான் சேர்த்துக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் அரியலூர் பக்கம். ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டத் தெரியும். பேச்சு எனக்கு எப்போதும் குறைவு. என் மனைவி சொல்வாள், "இவர்கிட்ட பேசணும்னா வாய்க்குள்ள கைய விட்டுத்தான் எடுக்கணும்" என்று. சரியாகத்தான் சொன்னாள்.

வந்தது ஜூன் மாதம். விமான நிலையத்துக் கதவு தானாகத் திறந்தது. வெளியே வந்தேன். நெல் அவிக்கிற அண்டாவின் மூடியை எடுத்த மாதிரி ஒரு காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஏதோ பெரிய வண்டி இன்ஜின் ஓடுகிறது என்று நினைத்து நகர்ந்து நின்றேன். அங்கேயும் அதே காற்று. இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். கூட்டிப்போக வந்தவன் சிரித்தான். எங்கே நகர்ந்தாலும் அதேதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் ஷார்ஜாவுக்கு வெளியே, சஜா பக்கம். சுற்றிலும் மணல், லாரி, கேம்ப். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏசி இரவு பகல் நிற்காது. நின்றால் அறை அடுப்பாகிவிடும்.

அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"வாரும்வே. ஊரு எது?"

"அரியலூருங்க."

"கம்பிக்கா?"

"ஆமாங்க."

"மேக்கட்டிலு ஒமக்கு. தண்ணி எடுத்து வச்சிருக்கேன், ஓரமா இருக்கு. நல்லா ஊத்திக்கிடும். ஒடம்பு அலுப்பெல்லாம் ஓடிப்போயிரும். பொறவு சாப்பிட்டுப் படும்."

ஊரில் கிளம்பும்போது என் மைத்துனன் காதில் ஓதி அனுப்பியிருந்தான். கேம்பில் தண்ணி போடுகிறவனோடு சேராதே, மாட்டினால் ஜெயில், அப்புறம் உன் முகத்தை நாங்கள் பார்க்க முடியாது என்று. வந்து கால் வைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அறைக்குப் பெரியவரே தண்ணி எடுத்து வைத்திருக்கிறேன், ஊத்திக்கொள் என்கிறார்.

"வேணாங்கண்ணே. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அவர் கையில் வெங்காயம் அப்படியே நின்றது.

"பழக்கம் இல்லியா?"

"இல்லீங்க. எங்க வீட்லயே யாருக்கும் கிடையாது."

இதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். நான் கேட்காமல் சொன்னது வாழ்க்கையில் மொத்தம் நாலைந்துதான் இருக்கும். அதில் இது ஒன்று.

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி" என்றார். மறுபடி உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். அதற்கப்புறம் அவர் என்னிடம் வேலைக்கான பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

நல்லவன் என்று காட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

குளியலறையில் இரண்டு குழாய். ஒன்றில் நீலப் புள்ளி, ஒன்றில் சிவப்புப் புள்ளி. நீலம் குளிர், சிவப்பு சூடு. அது எனக்கும் தெரியும். நீலத்தைத் திறந்தேன். அதுவரை நான் கத்தியதில்லை. அன்றும் கத்தவில்லை. ஆனால் குதித்தேன்.

தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. வெயில் நாள் முழுக்க அதைக் காய்ச்சுகிறது. சாயங்காலம் திறந்தால் டீ போடலாம், அவ்வளவு சூடு. நீலமே இப்படி என்றால் சிவப்பு எப்படி இருக்கும் என்று அதைத் தொடவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கையில் பிடித்து, ஊதி, உடம்பில் தடவிக் குளித்தேன். வெளியே வந்தபோது என்னோடு ஆவியும் வந்தது.

மாமா பார்த்தார். மச்சான் பார்த்தான்.

"இன்னா மாமா இவுரு, வெந்நீர்லயா குளிக்கிறாரு?"

"ஊர்ல பழக்கமா இருக்கும்டா. ஒனக்கு இன்னா."

டிரைவர் தலையில் கை வைத்து "அரே பாப்ரே" என்றார்.

இந்த நாட்டில் எல்லாரும் இப்படித்தான் குளிக்கிறார்கள், நமக்குத்தான் பழகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலை. கம்பி கட்டுகிறவர்களின் பஸ்தான் முதலில் போகும். விடியற்காலை நாலு மணிக்கே. சைட் தூரம், அதனால் திரும்பி வருவதிலும் நாங்கள்தான் கடைசி. ஆறரை ஆகிவிடும். அதற்குள் மற்ற ஐந்து பேரும் குளித்து முடித்து லுங்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். எப்படிக் குளித்தார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. ஏசிக்குக் கீழே சுவரோரம் வாளிகள் இருக்கும். காலியாக இருக்கும். கோடியில் ஒன்று மட்டும் நிறைந்து, எவர்சில்வர் தட்டு போட்டு மூடியிருக்கும். யாருடையதோ. அடுத்தவர் வாளியை நாம் ஏன் தொட வேண்டும்.

வெயிலில் கம்பி கையைச் சுட்டுவிடும். கையுறை இல்லாமல் தொட முடியாது. முதல் வாரமே என்னுடையது கிழிந்துவிட்டது. சைட் ஸ்டோரில் ஒரு பெஷாவர்க்காரர் இருந்தார். பெரிய தாடி. கையைக் காட்டினேன். அவர் கையை விரித்து, "மாஃபி" என்றார்.

ஊரில் மாப்பு என்றால் மன்னிப்பு. இந்தியிலும் அப்படித்தான் என்று கேட்டிருந்தேன். பாவம், கொடுக்க முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறார், அவ்வளவு பெரிய மனுஷன் என்று நினைத்து, "பரவால்ல பாய்" என்று திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். "மாஃபி" என்றார். "பரவால்ல பாய்" என்றேன். மூன்றாவது நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, தன் மேசைக்குள்ளிருந்து தன் சொந்தக் கையுறையை எடுத்துக் கொடுத்தார். கூட வேலை செய்த ஒருவன்தான் சொன்னான், மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம் என்று. நான் மன்னிப்பை ஏற்றுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர், இவன் சண்டை போடாமல் போகிறானே என்று பார்த்திருக்கிறார். அந்தக் கையுறை ஒரு வருஷம் உழைத்தது.

பன்னிரண்டரைக்கு வேலை நிறுத்த வேண்டும். வெயில் மாதங்களில் அது சட்டம். மூன்று மணிக்கு மறுபடி. நடுவில் தகரக் கொட்டகையில் படுப்போம். மணல் காதுக்குள் போகும், மூக்குக்குள் போகும், குபூஸ் ரொட்டியைக் கடித்தால் அதிலும் இருக்கும். இதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்தவன் நான். உடம்பு தாங்கும்.

அறைதான் தாங்கவில்லை.

நான் உள்ளே வந்தால் பேச்சு குறையும். என்னைத் திட்டவில்லை. துரத்தவில்லை. மாமாவும் மச்சானும் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மட்டக்களப்புக்காரர் மட்டும் "சாப்பிட்டீங்களா தம்பி" என்பார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பமாட்டார்.

சமையல் முறை வைத்துச் செய்வோம். அண்ணாச்சி முறை வெள்ளிக்கிழமை. மீன் குழம்பு வைப்பார். மணம் காரிடார் முழுக்கப் போகும். பக்கத்து அறைக்காரர்கள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். முதல் வெள்ளிக்கிழமை எனக்கும் தட்டு வைத்தார்.

"வேணாங்கண்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி தொடமாட்டோம். அதைச் சொல்லவில்லை. வேணாம் என்றால் வேணாம்தானே என்று தயிரும் குபூஸும் எடுத்துக்கொண்டு, அறையில் உட்கார இடம் இல்லை என்று வெளிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த வெள்ளி அவர் எனக்குத் தட்டு வைக்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. வீட்டுக்கு போனில் முகம் பார்த்துப் பேசுவேன். மகள் ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒட்டகம் எங்க?"

"இங்க இல்லம்மா."

"பாலைவனத்துல இருக்கும்னு மிஸ் சொன்னாங்களே."

நான் போனைத் திருப்பி கேம்ப் வாசலைக் காட்டினேன். பஸ் நின்றது. "அப்ப பஸ்ஸக் காட்டு" என்றாள். பஸ்ஸைக் காட்டினேன். திருப்தியாகிவிட்டாள்.

மனைவி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"என்னங்க, இப்படிச் செவந்துட்டீங்க? துபாய் பக்கம் போனா செவப்பாயிடுவாங்கன்னு சொல்வாங்க. நெசந்தான் போலருக்கு."

வெந்நீர் ஊற்றிய சிவப்பு. "ம்" என்றேன்.

"அங்க புடிச்சிருக்கா?"

"ம்."

"ரூம்ல எல்லாம் நல்லவங்களா?"

"ம்."

"எனக்கு 'ம்' போட்டு ரீசார்ஜ் தீருது. நாக்கையும் அங்கயே வேலைக்கு வச்சிட்டீங்களா?"

சிரித்தேன். போனை வைத்தபின் ஒரு மாதிரி இருந்தது. நான் போக வேண்டாம் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். "உங்களுக்குக் கேக்கத் தெரியாது. கேக்கத் தெரியாத ஆளு அந்த ஊர்ல எப்படிப் பொழைப்பீங்க?" என்றாள். பொழைப்பேன் என்று காட்டத்தான் வந்தேன். இப்போது திரும்பிப் போனால் அவளிடம் தோற்றுத்தான் போக வேண்டும். அதோடு, விசாவை ரத்து செய்துவிட்டால் மறுபடி இந்தக் கம்பெனி கூப்பிடாது. வேறு யாரும் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்.

இருந்தும் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். முதுகில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அது காரணம் இல்லை. ஆறரை மணிக்கு அந்தக் கதவைத் திறக்க எனக்குக் கால் வரவில்லை. அதுதான் காரணம்.

கேம்ப் ஆபீஸில் போய்ச் சொன்னேன். ஊருக்குப் போகிறேன் என்று. அங்கே இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "லெட்டர் கொண்டு வா. சனிக்கிழமைக்குள்ள" என்றார்.

வியாழக்கிழமை கான்கிரீட் வண்டி வரவில்லை. எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். நாலு மணிக்கே அறைக்கு வந்தேன். மட்டக்களப்புக்காரர் மட்டும் இருந்தார். அவருக்கு அன்று ஆஃப். அறையில் ஒரு மேசை உண்டு. ஒரு கால் குட்டை, ஆடும். அதில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு லெட்டர்."

"ஓம், சொல்லுங்க. லீவுக்கோ?"

"கேன்சலுக்கு."

ஊசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பேப்பர் எடுத்தார். தேதி போட்டார். ஐயா என்று எழுதினார். நிறுத்தினார்.

"காரணம் என்னெண்டு போடுறது? சும்மா போறன் எண்டு எழுத ஏலாது, தம்பி."

யோசித்தேன். அறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை என்று எப்படி எழுதச் சொல்வது.

"தண்ணி சுடுதுன்னு போடுங்க."

"என்ன தண்ணி?"

"குளிக்கிற தண்ணி."

"நீங்க விருப்பப்பட்டுத்தானே சுடுதண்ணியில குளிக்கிறீங்க?"

"யாருங்க விரும்புவா? தோலு உரியுது."

சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். அவர் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அப்ப உங்கட வாளித் தண்ணி?"

"எந்த வாளி?"

எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். ஏசிக்குக் கீழே, சுவரோரம், கோடியில் இருந்த வாளி. தட்டை எடுத்தார். என் கையை உள்ளே விட்டார்.

குளிர்ந்திருந்தது. அந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டாம் நாள், முதல் தடவையாக என் கை தண்ணீரில் குளிர்ந்தது.

"இது உங்கடதான். வெயில் காலத்தில குழாய்த் தண்ணியில ஒருத்தரும் குளிக்கிறயில்ல. விடியக்காலமை தொட்டித் தண்ணி கொஞ்சம் ஆறியிருக்கும். அண்ணாச்சிதான் கடைசியா வேலைக்குப் போறவர். அவர் எல்லா வாளியும் நிரப்பி ஏசிக்குக் கீழ வச்சிட்டுப் போவார். பின்னேரம் வர, நல்லாக் குளிர்ந்திருக்கும். நீங்க வந்த நாளில இருந்து உங்களுக்கும் வைக்கிறார். நீங்க தொடுறயில்ல. அடுத்த நாள் அதை எடுத்துத் தரையைக் கழுவுறார். திரும்பவும் நிரப்புறார்."

"அந்தச் செவப்புக் குழாய்?"

"அது ஹீட்டர். ஏப்ரல்லயே நிப்பாட்டியாச்சு. ஹீட்டர் தொட்டி உள்ளுக்குத்தானே இருக்கு, நிழல்ல. இப்ப சிவப்புத்தான் குளிர், நீலந்தான் சூடு. மூஞ்சி கழுவ அதைத்தான் நாங்க திறக்கிறது. குளிக்கக் காணாது."

நான் ஆடுகிற மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மொத நாளே அண்ணாச்சி சொன்னாருங்க. தண்ணி ஓரமா இருக்கு, ஊத்திக்கன்னு. நான் சாராயம்னு நெனச்சன்."

அவர் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேசை ஆடியது. பிறகு சட்டென்று நின்றது சிரிப்பு.

"தம்பி, அந்த மனுசன் வேற மாதிரி நினைச்சிட்டார். தன்ட கையால பிடிச்ச தண்ணிய நீங்க தொடமாட்டீங்க எண்டு. வீட்டிலயே பழக்கம் இல்லையெண்டு சொன்னீங்களாம். மீன் குழம்பையும் வேணாமெண்டு வெளிய போய் இருந்து சாப்பிட்டீங்களாம்."

எங்கள் ஊரில் அது உண்டு. அவர் ஊரிலும் இருந்திருக்கும். யார் கைத் தண்ணீரை யார் வாங்குவது, யார் எட்ட நிற்பது என்று. நாங்கள் எந்தப் பக்கம் நின்றவர்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பக்கம் நின்றவனுக்கும் அந்த நினைப்பு சுடும். குழாய்த் தண்ணீரை விட அது சுட்டது.

"அப்படி நெனச்சிக்கிட்டு ஏன் தெனமும் புடிச்சி வச்சாரு?"

"நானும் கேட்டனான். ரூம்ல எத்தனை பேரோ அத்தனை வாளிவே, தொடுறதும் தொடாததும் அவர் பாடு எண்டு சொல்லிப்போட்டார்."

வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தலையில் ஊற்றினேன். முதல் சொம்பில் மூச்சு நின்றது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினேன். அவசரப்படவில்லை.

நான் காலி வாளியோடு வெளியே வந்தபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"என்னவே, இன்னைக்கு ஆவியக் காணும்?"

முதல் நாளுக்கு அப்புறம் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"உங்க தண்ணிங்கண்ணே."

நான்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு வரவில்லை. வாளியைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க தண்ணின்னீங்க. நான் அந்தத் தண்ணின்னு நெனச்சிட்டண்ணே. பிராந்தின்னு."

மச்சான்தான் முதலில் வெடித்தான். அவனைப் பார்த்து மாமா. எந்தத் தண்ணி என்று டிரைவருக்கு மட்டக்களப்புக்காரர் இந்தியில் விளக்கினார். அவர் கட்டிலில் மல்லாந்து விழுந்து சிரித்தார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கழற்றிய செருப்பு அவர் கையிலேயே இருந்தது.

"ஏம்வே, வந்து எறங்குன அன்னைக்கே ஒமக்கு வாளி நெறய பிராந்தியா வச்சிருப்பேன்? தட்டு போட்டு மூடியா?"

"வாளிய நான் பாக்கலங்க."

"ஊத்திக்கிடும்னுதானே சொன்னேன். குடியும்னா சொன்னேன்?"

"எங்க ஊர்ல ஊத்திக்கிறதுன்னாலும் அதாங்க."

"எங்க ஊர்லயும் அதாம்வே" என்றார். அப்போதுதான் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. சிரித்து முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"கடல் தாண்டி வந்துமா இது நம்மள விடலன்னு ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா ஒமக்கு?"

"தெரியாதுங்கண்ணே."

"அப்ப அந்த மீனு?"

"வெள்ளிக்கிழமைங்க. நாங்க கவுச்சி தொட மாட்டோம்."

"அதச் சொல்லதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீரு?"

"கேக்கலீங்களே."

"இவருட்ட மூச்சு விடுதீராவேன்னும் நாமதான் கேக்கணும் போல" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு என் முதுகைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் பெட்டியைத் திறந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துவந்தார். "திரும்பும்" என்றார். திரும்பினேன். அவரே தடவிவிட்டார். கை முரடாக இருந்தது. மச்சான், "அண்ணாச்சி, எனுக்கும் முதுகு எரியுது" என்றான். "ஒனக்கு வாயி எரியுது, போலே" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி மீன் வைத்தார். பக்கத்தில் சின்னச் சட்டியில் கத்தரிக்காய் புளிக்குழம்பும் வைத்தார். "இது அரியலூர் சட்டி, எவனும் கைய வைக்கக் கூடாது" என்றார். நான் அறைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். இடம் இருந்தது. கொஞ்சம் ஒடுங்கினால் போதும்.

பாதி எழுதிய லெட்டரை மட்டக்களப்புக்காரர் நாலாக மடித்து மேசைக் குட்டைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார். மேசை ஆடுவது நின்றது. சனிக்கிழமை ஆபீஸ்காரர் என்னை வழியில் நிறுத்தி, "லெட்டர் எங்கே?" என்றார்.

"மாஃபி" என்றேன்.

மன்னிப்புக் கேட்கிறேனா, இல்லை என்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. போய்விட்டார்.

என் மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். நான் எழுதுவதை போனில் படம் எடுத்து அனுப்பினால் பிழை திருத்துகிறாள். "அப்பா, நீ அங்க பழகுனது எப்படின்னு எழுது" என்றாள். பழகியது எப்படி என்று எனக்குத் தனியாகத் தெரியவில்லை. வெயில் குறையவில்லை. மணல் இன்னும் காதுக்குள் போகிறது. அண்ணாச்சி கணக்கு முடித்து ஊருக்குப் போய்விட்டார். வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறார். எடுத்ததும் "தண்ணி ஓரமா இருக்காவே?" என்பார். "இருக்குங்கண்ணே" என்பேன். அதற்கப்புறம் அவர்தான் பேசுவார்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த வெள்ளிக்கிழமைக் காலை. மீன் குழம்புக்கு முன்னால். மூன்று மணிக்கே எழுந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் குழாய்க்கு அடியில் துணியைப் போட்டு, வாளிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக் கொண்டுவந்தேன். கைப்பிடி உடைந்து கயிறு கட்டியது அண்ணாச்சியுடையது. கறுப்பு டேப் சுற்றியது மட்டக்களப்புக்காரருடையது. பெயின்ட் டப்பா இரண்டும் மாமாவுடையதும் மச்சானுடையதும். மூடியோடு இருந்தது டிரைவருடையது. கோடியில் என்னுடையது. எவர்சில்வர் தட்டால் மூடினேன். பிறகு ஏசிக்குக் கீழே நின்று முதல் தடவையாக எண்ணினேன்.

ஆறு.